எண்பது கையெழுத்து

அரிமளத்துக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே ஒழுங்காகப் பாடம் நடத்துகிற நாலைந்து பேருக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியர் ரத்தினவேலுக்கு ஐம்பத்து மூன்று வயது, இருபத்தாறு வருட சர்வீஸ். அவ்வளவு வருடத்திலும் அவர் தேய்த்த சாக்பீஸைச் சேர்த்து வைத்தால் ஒரு பெட்டி தேறுமா என்பது சந்தேகம். ஆனால் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். இரண்டும் கையெழுத்துப் போடுவதற்கு.

கையெழுத்து என்றால் சாதாரணக் கையெழுத்து இல்லை. முதல் எழுத்து பெரிதாக எழும்பும், நடுவில் உள்ளவை நெளியும், கடைசியில் ஒரு கோடு திரும்பி வந்து மொத்தத்துக்கும் அடிக்கோடு போடும். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. மனிதர் அக்கறை எடுத்துப் பழகிய வேலை உலகத்தில் அது ஒன்றுதான்.

அவருடைய அப்பா நிலக்கடலை விவசாயி. களை எடுக்கக் கூட்டிப் போனால் மகன் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, யார் வேகமாக எடுக்கிறார்கள், யார் ஏய்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பான். இவன் வெயிலுக்கு ஆகமாட்டான், வாத்தியார் வேலைக்குத்தான் லாயக்கு என்று அவர் முடிவு கட்டினார். வாத்தியார் வேலையைப் பற்றி அந்தக் கடலைக்காட்டுக்காரருக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். மகன் அந்த மதிப்பை ஒரு இம்மி கூட உயர்த்தவில்லை.

பி.எட். படிக்கும்போது ரத்தினவேலுக்கும் பயிற்சிக்கென்று ஒரு பள்ளி ஒதுக்கினார்கள். அந்தக் காலத்தில் நாற்பது நாள்தான். அதில் பாதி நாள் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் என்று போயிற்று. மீதி நாளுக்கான பாடக் குறிப்பைச் சித்தப்பா மகள் எழுத, இவர் நோட்டுக்கு அட்டை போட்டார். அதனால் பயிற்சி ஆசிரியர்கள் என்றாலே அவருக்கு இளக்காரம். எல்லாரும் தன்னைப் போலத்தான் இருப்பார்கள் என்ற நினைப்பு. தன்னைப் பற்றி அவர் சரியாகக் கணித்து வைத்திருந்தது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

வேலைக்கு வந்த பிறகு அவர் பிடித்துக்கொண்ட தொழில் மனை வியாபாரம். அறந்தாங்கிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார்கள். லீவில் வந்தால் மனை கேட்பார்கள். அதுவும் ஏனோ வேலை நாளில் காலை பதினோரு மணிக்குத்தான் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையும் அதே நேரம். இரண்டில் எது தள்ளிப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா.

இப்படியே ஓய்வு பெற்றிருந்தால் ஊரில் நூறோடு நூற்றொன்றாகப் போயிருப்பார். கெடுத்தது சகலைதான். ரத்தினவேலின் மனைவி புவனேஸ்வரிக்கு ஒரு தங்கை. அவளைக் கட்டிய உதயசூரியனும் ஆசிரியர். அவருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்தது. கிடைத்த மறு வாரமே வாசல் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார். கறுப்புக் கிரானைட்டில் தங்க எழுத்து: ‘நல்லாசிரியர் உதயசூரியன்’. பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குப் போய் வந்த புவனேஸ்வரி ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“நம்ம வீட்டுப் பலகையில கரண்ட் பில் நம்பர்தான் இருக்கு.”

அன்றிலிருந்து ரத்தினவேலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விருது வேண்டும், ஓய்வு பெறுவதற்குள் வேண்டும். வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினால் ஒருவேளை கிடைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்ததா என்றால், சத்தியமாக வரவில்லை. சகலையிடம் வழி கேட்டார்.

“ஃபைலு கனமா இருக்கணும் சகல,” என்றார் உதயசூரியன். “தூக்கயிலேயே குழுவுக்குக் கை வலிக்கணும். போட்டோ, பேப்பர் செய்தி, சான்றிதழ், எல்லாத்தையும் சேத்துக் குத்துங்க. அப்புறம் பி.எட். பிள்ளைகளுக்கு வழிகாட்டியா இருந்தேன்னு ஒரு அத்தாட்சி. இப்ப அதுக்குத்தான் மவுசு.”

அந்த அத்தாட்சி வீடு தேடி வந்தது. மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு தனியார் கல்வியியல் கல்லூரி, பல்கலைக்கழகம் கேட்கிறது என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளோடு கூட்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தது. பயிற்சி மாணவர்கள் பதினாறு வாரம், எண்பது வேலை நாள், பள்ளியிலேயே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளி ஒரு வழிகாட்டி ஆசிரியரைத் தர வேண்டும். அவர் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனித்து, குறை சொல்லி, திருத்தி, தினசரிக் குறிப்பைப் படித்துக் கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஏட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒப்பந்த நாளில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள், இடம் தெரிகிற மாதிரி ஜியோ டேக் போட்டோ எடுத்தார்கள். வழிகாட்டி ஆசிரியருக்கென்று ஒரு கையேடும் கொடுத்தார்கள். அதன் அட்டை கெட்டியாக இருந்தது. மனை வரைபடங்கள் மடங்காமல் இருக்க ரத்தினவேலுக்குப் பயன்பட்டது.

கல்லூரி அனுப்பியது நான்கு பேரை. அர்ச்சனா என்ற பெண்ணின் பெயர் பதிவேட்டில் மட்டும் வந்தது. திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டுப் பெண், இருப்பது சென்னையில்; கல்லூரியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ரகுநாத்தும் இன்னொருவரும், பிள்ளைகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற எமிஸ் வேலைக்குப் போனார்கள். போனவர்கள் பதினாறு வாரமும் திரும்பவே இல்லை. ஆசிரியராகப் பயிற்சி பெற வந்து குமாஸ்தாவாகத் தேறினார்கள். அவர்களுக்கும் அதில் வருத்தம் கிடையாது. பாடக் குறிப்பு நோட்டு புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடையில் எழுதியே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் பாடம் நடத்தியதாக அதில் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்ட கல்லூரிக்கு வெட்கம் கிடையாது, கொடுத்தவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்.

நாலாவது ஆள் அருணா. மீமிசல்காரி. அப்பா மீன் வண்டி ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பி அறந்தாங்கி வந்து, அங்கிருந்து அரிமளம் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, பிரேயர் மணிக்கு முன்னால் வந்துவிடுவாள்.

“மூணு நாளு,” என்றார் ரத்தினவேல் ஸ்டாஃப் ரூமில். “மீமிசல்லேருந்து ரெண்டு பஸ் மாறி எவ வருவா. நாலாம் நாளு காய்ச்சலுன்னு போன் வரும் பாருங்க.”

நாலாம் நாளும் அவள் வந்தாள். ரத்தினவேல்தான் வரவில்லை.

அவள் முதலில் செய்த காரியம், ஒன்பதாம் வகுப்பில் யாருக்கு என்ன தெரியும் என்று பார்த்தது. அந்தப் பள்ளியில் இப்படி ஒரு காரியத்தை யாரும் செய்து அதிக நாளாகியிருந்தது. முப்பத்தொரு பேரில் பதினாலு பேருக்கு வகுத்தல் வரவில்லை. அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

“சார், ஒரு நிமிசம். பதினாலு பேருக்கு வகுத்தலே வரலைங்க சார். இயற்கணிதம் ஆரம்பிக்கவா, இல்ல இதச் சொல்லிக் குடுத்துட்டுப் போகவா?”

ரத்தினவேல் போனைக் காதிலிருந்து எடுக்காமல், மறு கையை ஆட்டினார். “ஒனக்கு எது தோணுதோ அதச் செய்யிம்மா. எல்லாம் கையேட்டுலயே இருக்கு.”

மறு வாரம் இன்னொன்று கேட்க வந்தாள். அப்போது அவர் மனை காட்டப் போயிருந்தார். அதற்கு மறு வாரம் வந்தபோது, தான் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் கட்டை அவள் கையில் கொடுத்துத் திருத்தச் சொன்னார். அப்புறம் அவள் கேட்க வரவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் தினசரிக் குறிப்பில் எழுதத் தொடங்கினாள். வழிகாட்டி ஆசிரியர் வாரா வாரம் அதைப் படிப்பார் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பாவம், நம்பிவிட்டாள்.

கல்லூரிப் பேராசிரியர் ஞானமணி பத்தாவது வாரம் பார்வையிட வந்தார். ஜன்னல் வழியாக வகுப்பைப் பார்த்தார். ஜன்னலோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். ரத்தினவேல் அவரைச் சாப்பிட அழைத்துப் போனார். மதியம் முழுக்க இருவரும் பேசியது, ஞானமணிக்குத் தோதாக ஒரு வடக்குப் பார்த்த மனையைப் பற்றி. கிளம்பும்போது பேராசிரியர் கேட்டார்.

“பிள்ளைங்க எப்படிங்க சார், பரவாயில்லையா?”

“தங்கமான பிள்ளைங்க,” என்றார் ரத்தினவேல். கல்லூரியும் பள்ளியும் கைகோத்துச் செய்த வழிகாட்டல் அத்தோடு முடிந்தது.

பயிற்சியின் கடைசி நாள் நோட்டுகள் மேசைக்கு வந்தன. வாரா வாரம் போட வேண்டிய கையெழுத்தை ரத்தினவேல் எப்போதும் கடைசி நாளில் மொத்தமாகத்தான் போடுவார். அதற்கென்று அந்தப் பள்ளியில் ஒரு முறை உண்டு. எழுதியவரே பக்கத்தில் நின்று, வலது கீழ் மூலை மட்டும் தெரிகிற மாதிரி பக்கத்தைத் தூக்கித் தூக்கிக் காட்ட வேண்டும். மற்ற இடமெல்லாம் நோட்டுக்குள்ளேயே இருக்கும். பேனா ஒரே இடத்தில் நிற்கும், பக்கங்கள் அதன் கீழே ஓடும். கருத்து எழுதும் கட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ‘நன்று’, அடுத்த பக்கத்துக்கு ‘மிக நன்று’. ஒரேயடியாக மிக நன்று போட்டால் சந்தேகம் வரும் என்பது அவருடைய அனுபவ ஞானம்.

அருணா மட்டும் நோட்டை முழுசாகத் திறந்து வைத்தாள்.

“சார், நடந்தத நடந்தபடிதான் எழுதியிருக்கேன். எதும் தப்பா இருந்தாச் சொல்லுங்க சார், மாத்திடுறேன்.”

“நடந்தத எழுதத்தானம்மா டைரி. மூலையக் காட்டு,” என்றார் ரத்தினவேல்.

அவள் நோட்டை மூடினாள். பிறகு மூலையைக் காட்டினாள். எண்பது பக்கம், எண்பது கையெழுத்து. பதினோரு நிமிடத்தில் முடிந்தது. நடுவில் ஒரு முறை மட்டும் அவர் நிறுத்தி, “எழுத்து முத்து முத்தா இருக்கும்மா, நல்லா வருவ,” என்றார். எழுத்தைப் பார்த்தார். எழுதியிருப்பதைப் பார்க்கவில்லை.

அடுத்த ஜூனில் விருதுக்கு விண்ணப்பம் போட வேண்டி வந்தது. ஃபைல் அவ்வளவாகக் கனக்கவில்லை. மரம் நட்ட போட்டோ ஆறு, சால்வை போட்டோ நாலு. ஆறு மரத்தில் ஐந்து பட்டுப்போயிருந்தது. சகலை சொன்னபடி வழிகாட்டியதற்கு அத்தாட்சி வேண்டும். ஜெராக்ஸ் கடை நோட்டை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை காட்டிக் கொடுத்துவிடும். ரத்தினவேலுக்கு அந்த முத்து முத்தான எழுத்து நினைவுக்கு வந்தது. அருணாவுக்குப் போன் போட்டார்.

“அருணாம்மா, ஒன் டைரிய ஒரு காப்பி எடுத்து அனுப்பிவிடு. மேலே உள்ளவங்க மாதிரிக்கு ஒண்ணு கேக்குறாங்க.”

அவள் திருப்பிக் கேட்டாள்.

“எதுக்குங்க சார்? நீங்க படிச்சீங்களா சார்?”

“படிக்காமயா இத்தன கையெழுத்துப் போட்டேன்,” என்று சிரித்தார்.

அவள் அனுப்பினாள். படித்துவிட்டேன் என்று ஒரு வாத்தியார் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள். ரத்தினவேல் அதைச் சுருள் கம்பி போட்டு பைண்ட் செய்தார். மேல் அட்டையில், ‘ஆசிரியர் ரத்தினவேல் அவர்களின் எண்பது நாள் வழிகாட்டல்’ என்று பெரிய எழுத்தில் அடிக்க வைத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு அட்டையும் போட்டு அதில் தன் பெயரையும் பொறித்த ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஃபைலைக் கையில் தூக்கிப் பார்த்தார். கை வலித்தது. திருப்தியாக இருந்தது. அன்று மாலையே கிரானைட் கடைக்குப் போய்ப் பலகைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

மாவட்டக் குழு நேரில் வரச் சொன்னது. ரத்தினவேல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு புதுக்கோட்டை போனார். புவனேஸ்வரி திருநீறு பூசி அனுப்பினாள். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி அன்புமொழி, ஒரு காலத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவர் முன்னால் அந்த பைண்ட் புத்தகம் மட்டும் தனியாக இருந்தது. பக்கங்களுக்கு நடுவே நிறைய துண்டுக் காகிதம் செருகியிருந்தது. ரத்தினவேல் அதைப் பார்த்து மகிழ்ந்தார்.

“உக்காருங்க சார். இதுல உள்ள கையெழுத்தெல்லாம் நீங்க போட்டதுதானே?”

“எல்லாம் என் கையெழுத்துதாங்க மேடம். ஒரு பக்கம் விடலைங்க.”

“கருத்தும் நீங்க எழுதினதுதானா?”

“நானேதாங்க. அந்தப் பிள்ளைக்கு என்னமோ, நம்மகிட்ட ரொம்ப ஒட்டுதல்.”

அதிகாரி ஒரு துண்டுக் காகிதம் இருந்த இடத்தில் திறந்து, புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். “இந்தப் பக்கத்தக் கொஞ்சம் வாசிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

ரத்தினவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நல்ல குரலில் தொடங்கினார்.

“ஒன்பதாம் நாள். வழிகாட்டி ஆசிரியர் இன்று வகுப்புக்கு வரவில்லை. மனை பார்க்க வந்தவர்களோடு போயிருப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். அவருடைய பாடவேளையையும் நானே…”

குரல் பாதியில் நின்றது. கண் மட்டும் கீழே போயிற்று. கீழே ‘நன்று’ என்று இருந்தது. அதன் கீழே இரண்டு புள்ளியோடு அந்தக் கையெழுத்து.

“அடுத்த சீட்டு வச்ச பக்கம்,” என்றார் அதிகாரி.

அடுத்த பக்கத்தை அவர் சத்தமில்லாமல் வாசிக்கப் பார்த்தார். “கேக்கல சார்,” என்றது ஒரு ஓரத்துக் குரல். வேறு வழியில்லை.

“முப்பதாம் நாள். மீனைக் கூறு போடுவதைச் சொல்லி வகுத்தல் நடத்தினேன். ஒன்பது பேருக்குப் புரிந்துவிட்டது. மீதி ஐந்து பேருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் நடத்துகிற முறை சரியா தவறா என்று சார் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.”

அதற்குக் கீழே ‘மிக நன்று’ என்று இருந்தது.

ஐந்து பேரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். அன்புமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே கடைசிப் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். “எண்பதாம் நாள். இந்தப் பதினாறு வாரத்தில் வழிகாட்டி ஆசிரியர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம் மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அதில் பாதி நேரம் போனில் பேசினார். மீதி ஐந்து பேருக்கும் வகுத்தல் வருவதற்குள் என் நாட்கள் முடிந்துவிட்டன.” புத்தகத்தை மூடி வைத்தார். “இத ஒத்துக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா சார்?”

ரத்தினவேல் இருதலைக் கொள்ளி எறும்பானார். படித்துவிட்டுப் போட்டேன் என்றால் அதில் உள்ளதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும். படிக்கவில்லை என்றால் வழிகாட்டவே இல்லை என்று ஆகிவிடும். ஓடிப் போக ஒரு சந்து கூட அந்தப் பெண் விட்டுவைக்கவில்லை. அவளாக நினைத்துச் செய்ததும் இல்லை. அவள் கேள்விதான் கேட்டாள். கணக்கு வாத்தியார் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கை மனதுக்குள் உண்மையாகப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது.

“படிக்காமப் போட்டுட்டேங்க மேடம்,” என்றார்.

“எண்பதையுமா?”

“ஆமாங்க.”

“அப்ப அந்தப் பொண்ணுக்கு வழி காட்டுனது யாரு?”

ரத்தினவேல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே வராந்தாவில் மற்ற ஆசிரியர்கள் மடியில் ஃபைலோடு காத்திருந்தார்கள்.

“யாரும் இல்லீங்க.”

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “இப்பச் சொன்ன ரெண்டையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த மாசமும் பிள்ளைங்க பயிற்சிக்கு வாராங்க. ஒங்க பள்ளிக்கு அனுப்பலாமா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும்.”

ரத்தினவேல் எழுதினார். எண்பது பக்கமும் பாராமல் கையெழுத்துப் போட்டதையும், வழிகாட்டியது யாரும் இல்லை என்பதையும் எழுத இரண்டு வரிதான் ஆயிற்று. எழுதியதும் கை தானாகத் தாளின் வலது கீழ் மூலைக்குப் போயிற்று. அங்கே போய் நின்றுவிட்டது. அவர் மேலே திரும்பி, எழுதியிருந்ததை முதல் சொல்லிலிருந்து வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடியும் வாசித்தார். அடுத்த ஆசிரியரைக் கூப்பிட்டு, அவர் உள்ளே வந்து பின்னால் நின்ற பிறகும், ரத்தினவேல் அந்த இரண்டு வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.